சக்கர நாற்காலியோடு தோட்டத்து வீட்டில் நாலு நாள்: கொங்கு நாட்டில் எதை எடுக்கலாம்?

பள்ளிக்கூட லீவு நெருங்கினால் பல வீடுகளிலிருந்து ஒரே கேள்வி வருகிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அல்லது அம்மாயிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. அல்லது விபத்துக்குப் பிறகு தம்பி சக்கர நாற்காலியில் இருக்கிறான். ஓட்டலில் தங்கினால் சாப்பாடு ஒத்துக்கொள்வதில்லை, ஒற்றை ரூமுக்குள் எல்லோரும் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியிருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கமோ கோபி (கோபிசெட்டிபாளையம்) பக்கமோ ஒரு வீட்டை எடுத்து, நாமே அரிசியும்பருப்பும் ஆக்கிச் சாப்பிட்டுக்கொண்டு நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று தோன்றுகிறது. எந்த மாதிரி வீட்டை எடுப்பது? தோப்பு வீடா, பழைய ஓட்டு வீடா, மலை பங்களாவா, கோவை ஓரத்து வில்லாவா?

"வீல்சேர் வருமுங்களா?" என்று போனில் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் வருமுங்க. ரெண்டே படிதான். நம்ம பசங்க இருக்காங்க, தூக்கி வெச்சுக்கலாமுங்க" என்று பதில் வரும். சொல்பவர் ஏமாற்றவில்லை, நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் குளிக்க ஒரு முறை, சாப்பிட ஒரு முறை, வெயில் தாழ வாசலுக்கு வர ஒரு முறை என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் கூப்பிட்டுத் தூக்கச் சொல்ல வேண்டியவர், இரண்டாம் நாளே "நா இங்கயே இருக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார். வீடு எடுத்ததே அவருக்காகத்தான்.

இன்னொருவரும் இருக்கிறார். சமையலறையில் நிற்பவர். பெரும்பாலான வீடுகளில் நாற்காலியைத் தள்ளுகிறவரும், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவரும், இட்லி ஊற்றுகிறவரும் ஒரே பெண்தான். 'நாமே சமைத்துக்கொள்ளலாம்' என்று குடும்பமே உற்சாகமாகச் சொல்லும்போது அந்த 'நாம்' யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ஒரு வீடு இந்த இரண்டு பேருக்கும் ஆகுமா என்பதுதான் என் அளவுகோல். மற்றவர்களுக்கு எந்த வீடும் ஆகும்.

## எதையெதை அளந்து பார்ப்பது

வண்டியிலிருந்து கட்டில் வரை. சாய்தளத்துக்கான கணக்கு எளிது: 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகள் பாம்பு, பூச்சி, மழைத் தண்ணீருக்குப் பயந்து தரைமட்டத்திலிருந்து 2 அடி, சில இடங்களில் 3 அடி உயர்த்திக் கட்டப்பட்டவை. அப்படியானால் 24 முதல் 36 அடி நீளச் சாய்தளம் தேவை. "ரேம்ப் இருக்குதுங்க" என்று அனுப்பும் படத்தில் 6 அடி நீளத்துக்கு ஒரு சிமென்ட் சரிவு தெரிந்தால், அது பைக்கை ஏற்றுவதற்குப் போட்டது.

குளியலறை. சாதாரண மடக்கு நாற்காலியின் அகலம் ஏறக்குறைய 25, 26 அங்குலம். நம்மூர்க் குளியலறைக் கதவுகள் பெரும்பாலும் இரண்டரை அடி. அதில் நிலைக்கட்டையும் திறந்த கதவின் கனமும் போனால் 24, 25 அங்குலம்தான் மிஞ்சும். அங்கேயே கதை முடிந்துவிடும். சரியான அளவு 3 அடி. உள்ளே நாற்காலி திரும்ப 5 அடி வட்டம் காலியாக இருக்க வேண்டும். கழிப்பறைப் பீங்கானின் உயரம் 18 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால், எழுந்திருக்கும்போது முழங்கால் பாடுபடாது. சுவரில் துண்டு போடும் கம்பியைக் காட்டி "பிடிமானம் இருக்குதுங்க" என்பார்கள். அதைப் பிடித்து எழுந்தால் கம்பியும் ஆளும் சேர்ந்து வருவார்கள்.

அடுப்படி. வீட்டுக்குள்ளேயே, அதே மட்டத்தில் இருக்கிறதா? பல பண்ணை வீடுகளில் புகையும் வாசமும் உள்ளே வரக்கூடாது என்று பின்பக்கம் தனியாகக் கொட்டகை போட்டிருப்பார்கள், இரண்டு படி இறங்கி. சமைக்கிறவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குவார் என்று எண்ண வேண்டியதில்லை. கூப்பிட்டால் அவருக்குக் கேட்குமா என்பதுதான் முக்கியம். சமைக்கிறவரே சக்கர நாற்காலியில் இருப்பவராக இருந்தால் மேடையின் கீழ் முழங்கால் நுழைய இடம் வேண்டும். வாடகை வீட்டில் அது கிடைக்காது. சாப்பாட்டு மேசை மேல் இண்டக்ஷன் அடுப்பை வைத்துக்கொள்வது நடைமுறைக்கு வரும் வழி, மின்சாரம் தாங்குமானால்.

கரண்ட்டும் தண்ணீரும். ஆக்சிஜன் கருவியோ, படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தையோ வைத்திருப்பவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. யு.பி.எஸ். எத்தனை நேரம் தாங்கும், அதில் எந்த பிளக் பாயின்ட்டுகள் சேர்ந்திருக்கின்றன என்று கேட்க வேண்டும். பல வீடுகளில் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான் இணைத்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரி. எத்தனை கிலோமீட்டர் என்பதை விட, ராத்திரி இரண்டு மணிக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். 108 வண்டி வாசல் வரை வர இட்டேரியில் (தோட்டத்து வண்டித் தடத்தில்) அகலம் இருக்கிறதா என்பதும் இதில் சேர்த்தி.

பகல் முழுக்க என்ன செய்வது. படியேறாமல், வண்டியை விட்டு இறங்காமலும்கூட, பார்க்க ஏதாவது இருக்க வேண்டும்.

ஒரு திருத்தம். முழங்கால் வலிக்காரர்களுக்கு நீளமான சாய்தளம் பல நேரம் உதவாது. உயரம் குறைந்த நாலு படியும் இரண்டு பக்கமும் உறுதியான கைப்பிடியும் அவர்களுக்கு எளிது. கண் பார்வை குறைந்தவருக்குப் படியைவிடத் திடீரென்று மாறும் தரைமட்டமே ஆபத்து. ஆகவே 'முடியாதவர்' என்று பொதுவாகச் சொல்லாமல், என்ன முடியாது என்பதைச் சொல்லி வீடு கேளுங்கள்.

## ஒன்று: தென்னந்தோப்பு வீடு

ஆனைமலை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கடந்த சில வருடங்களில் நிறைய வந்திருக்கின்றன. தோப்புக்கு நடுவில் புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீடு, இரண்டு மூன்று படுக்கையறை, சமையலறை, முன்னால் அகலமான சிட்-அவுட். அழகில் மற்றவற்றுக்கு ஒரு படி குறைவு. டைல்ஸ், பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு காளை படம். ஆனாலும் நம் அளவுகோலுக்கு இதுதான் அதிகம் ஒத்துவருகிறது. காரணம், கட்டியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். "சாமி, அந்த வாசலில் ஒரு சரிவு போட்டுக் கொடுத்தீங்கன்னா வருசா வருசம் வருவோமுங்க" என்று சொன்னால் கொத்தனாரைக் கூப்பிட்டுப் போட்டுவிடக் கூடியவர்கள். கீழ்த்தளத்திலேயே படுக்கையறை இருக்கும், கார் வாசல் வரை வரும், நிலம் சமம்.

தொந்தரவு வீட்டுக்கு வெளியே ஆரம்பிக்கிறது. தோப்புக்குள் ஒரு சுற்று போய்வரலாம் என்று நாற்காலியைத் தள்ளினால், பத்தடிக்கு ஒரு சொட்டுநீர்க் குழாய் குறுக்கே ஓடும். கறுப்பு நிறம், மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். முன் சக்கரம் சின்னது. குழாயில் முட்டி நின்றதும் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்கிறார். முந்தின நாள் தண்ணீர் விட்ட வட்டப்பாத்தி ஓரம் மண் நெகிழ்ந்திருக்கும், சக்கரம் புதையும். நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முன்னால் போகும்படி பின்பக்கமாக இழுத்துப் போவதுதான் வழி. அதற்கும் மேல், தேங்காயும் காய்ந்த மட்டையும் விழுகிற இடம். ஓடி விலக முடியாதவரை மரத்தடியில் விட்டுவிட்டு போட்டோ எடுக்கப் போகாதீர்கள். வீட்டிலிருந்து கேட் வரைக்குமான சிமென்ட் பாதையோ கிராவல் பாதையோ மரங்களுக்கு நடுவில் திறந்த வெளியாக இருந்தால், மாலை நடைக்கு அது போதும்.

மறைந்திருக்கும் செலவு கரண்ட்டில் இருக்கிறது. தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் இடங்கள் உண்டு. அப்போது கீசர் சூடேறாது, இண்டக்ஷன் அணைந்து அணைந்து எரியும், மிக்ஸி முனகும். ஜெனரேட்டர் இருக்கிறது என்றால் டீசல் யார் கணக்கு என்று கேளுங்கள். கேஸ் சிலிண்டரும் அப்படித்தான். சிலர் வாடகையில் சேர்ப்பார்கள், சிலர் தனியாகக் கேட்பார்கள். குடிக்கிற தண்ணீருக்குக் கேன் வாங்க வேண்டியிருக்கும். போர்வெல் தண்ணீர் பல இடங்களில் பருப்பு வேகாத அளவுக்கு உப்பு.

காலமும் முக்கியம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலையில் கதவைப் பிடுங்கும். சிட்-அவுட்டில் உட்கார முடியாது. ஆனால் வெயிலும் இருக்காது, சாரல் அடிக்கும், பிடித்தவர்களுக்கு அதுவே சொர்க்கம்.

பகலுக்கு: ஆனைமலை மாசாணியம்மன் கோயில் சமதளத்தில் இருக்கிறது, செவ்வாய், வெள்ளி, அமாவாசைக் கூட்டத்தைத் தவிர்த்துவிட்டால் போதும். ஆழியாறு அணைக்கு முன்னால் உள்ள பூங்கா வரை நாற்காலி போகும், அணை மேல் ஏறப் படிகள். டாப்சிலிப்பில் வனத்துறை வண்டியின் படி உயரம். ஏறி உட்கார இடுப்பிலும் கையிலும் வலு இருந்தால் மட்டும் நினைக்கலாம்.

இதே கணக்கில் கோபி, சத்தி (சத்தியமங்கலம்) வயல்வெளி வீடுகளையும் சேர்க்கலாம். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாயும் பூமி. கண்ணுக்கு எட்டிய வரை பச்சை, ரோட்டில் காரை நிறுத்திவிட்டுப் பார்த்தாலே நெஞ்சு நிறையும். கொடிவேரி அணையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். படிகளும் வழுக்குப் பாறையும் கூட்டமும். பவானி கூடுதுறையில் சங்கமேசுவரர் கோயில் தரையோடு தரையாக இருக்கிறது, உள்ளே நிலைப்படிகளைத் தாண்ட மட்டும் ஒரு கை உதவி வேண்டும். பெரிய அரசு ஆஸ்பத்திரி பெருந்துறையில்.

## இரண்டு: பழைய ஓட்டு வீடு

தொட்டிக்கட்டு வீட்டைப் புதுப்பித்து விருந்தினருக்கு விடுகிறார்கள். தேக்குத் தூண், ஆசாரம் (கூடம்), நடுவில் வானம் தெரியும் தொட்டி, காவித் தரை. கொங்கில் பிறந்த எழுபது வயதுக்காரருக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. வாசலில் கால் வைத்ததும் "எங்க அப்பாரு வீட்டுல இப்படித்தான்" என்று ஆரம்பித்துவிடுவார். அதற்காகவே பலர் இதை எடுக்கிறார்கள். நானும் மறுக்க மாட்டேன்.

ஆனால் சக்கரத்துக்குப் பரம எதிரி இந்த வீடு. ஒவ்வொரு அறைக்கும் நிலைப்படி. குறைந்தது 3 அங்குலம், முன்வாசலில் 6 கூட இருக்கும். கதவு இரட்டைக் கதவு. ஒன்றை மட்டும் திறந்தால் ஒன்றரை அடிதான். இரண்டையும் திறந்து கொண்டி போட்டால் நாற்காலி நுழையும் வீடுகளும் உண்டு, நுழையாதவையும் உண்டு. ஆசாரத்திலிருந்து தொட்டிக்குள் அரை அடி, ஒரு அடி பள்ளம், ஓரத்தில் தடுப்பு எதுவும் இல்லை. மறதி நோய் உள்ளவரோ பார்வை மங்கியவரோ ராத்திரி எழுந்து நடந்தால் நேராக அதில்தான் விழுவார். அடுத்தடுத்து நாற்காலிகளை வைத்து அடைத்துவிடலாம். ஆனால் படுக்கப் போகும்போது ஒருவர் நினைவாகச் செய்ய வேண்டும். குளியலறை ஆதியில் பொடக்காணியில் (வீட்டுப் பின்புறத்தில்) இருந்தது. புதுப்பிக்கும்போது அறையோடு சேர்த்துக் கட்டியிருந்தால் அங்கே ஒரு மட்ட வித்தியாசம் கட்டாயம் இருக்கும்.

யாருக்கு நல்லது? நடக்க முடிகிற, ஆனால் நீண்ட தூரம் முடியாத பெரியவர்களுக்கு. திண்ணை நல்ல உயரம். உட்காரவும் எழவும் சோபாவைவிட மேல். நாள் முழுவதும் அங்கே உட்கார்ந்து தெருவைப் பார்க்கலாம், ஊர்க்காரர்கள் "எந்த ஊருங்க?" என்று நின்று பேசுவார்கள். ஊருக்குள்ளேயே இருப்பதால் மளிகைக் கடை, பால், இட்லிமாவு, கறிக்கடை எல்லாம் பக்கத்திலேயே. சமையலுக்கு ஒரு அக்காவையும் சுலபமாகப் பிடிக்கலாம். அடுப்படியில் நிற்பவருக்கு இந்த வீடு முதல் இடம். கொள்ளுப்பருப்பும் பச்சைப்புளி ரசமும் அந்த அக்கா வைத்துக்கொடுத்தால், வந்தவர்களும் ஒரு ஒரம்பரை (விருந்தாளி) மாதிரி உட்கார்ந்து சாப்பிடலாம்.

செலவு ஒன்று சொல்ல வேண்டும். பழைமையான வீடு என்பதாலேயே வாடகை கூடுதல். சாய்தளம் வைக்கச் சொன்னால் "வீட்டோட அழகு போயிருமுங்க" என்பார்கள். மடக்கு அலுமினிய ரேம்ப் சொந்தமாக வைத்திருப்பவர்கள் கொண்டுபோகலாம். 4 அங்குல நிலைப்படிக்கு 4 அடி நீளம் வேண்டும். ஒவ்வொரு வாசலுக்கும் ஒன்று என்றால் கார் டிக்கியில் துணிப்பைக்கு இடமிருக்காது.

## மூன்று: மலை பங்களா

வால்பாறை எஸ்டேட் பங்களா, ஏற்காட்டுக் காபித் தோட்டத்து வீடு, ஆசனூர், தாளவாடி. படத்தில் ஜெயிப்பது எப்போதும் இவைதான். எனக்கு இதில் பாதி சம்மதம், பாதி பயம்.

பயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு. முதுகுத் தண்டு அடிபட்டு இடுப்புக்கு மேல் பிடிப்பு இல்லாதவர் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கமாகச் சரிவார். சீட் பெல்ட் மட்டும் போதாது, மார்புக்கும் ஒரு பட்டை வேண்டும், பக்கத்தில் தலையணை வேண்டும். நெடுநேரம் ஒரே வாக்கில் உட்கார்ந்தால் படுக்கைப்புண் பயமும் உண்டு. ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து 20 வளைவுதான், தூரமும் பாதிக்குக் கீழே. மலைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு ஏற்காட்டைத்தான் சொல்வேன். ஏரியைச் சுற்றி ஓரளவு சமமான ரோடு, இறங்கினால் சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிகள்.

ஆசனூர், தாளவாடிப் பக்கம் எடுப்பவர்கள் திம்பம் பாதையை மறக்கக்கூடாது. 27 வளைவுகள் உள்ள அந்த மலைப்பாதையில் 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் இரவுக் கட்டுப்பாடு வந்தது. இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை கார்களுக்கும் தடை. ஆம்புலன்சுக்கு விலக்கு உண்டு. ஆனால் "சும்மா ஒரு எட்டு சத்திக்குப் போய் டாக்டரைப் பார்த்துட்டு வந்துரலாம்" என்ற எண்ணம் அங்கே நடக்காது. வால்பாறைக்கும் ஆழியாறு சோதனைச் சாவடியில் நேரம், அனுமதி எல்லாம் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் அன்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாக்களில் ஒரு நன்மை உண்டு. கதவுகள் அகலம், அறைகள் பெரிது, வராந்தா நீளம், உள்ளே பெரும்பாலும் ஒரே மட்டம். வராந்தாவுக்கு ஏறுகிற படிகளைத் தாண்டிவிட்டால் உள்ளே நாற்காலி சுகமாக ஓடும். குளியலறைகூடப் பெரியதுதான், நடுவில் மேடை கட்டியிருக்காவிட்டால். வெந்நீர் விறகு பாய்லரில் வரும் இடங்களில் ஒரு ஜாக்கிரதை. காலில் உணர்ச்சி இல்லாதவருக்குச் சூடு தெரியாது. முதலில் பச்சைத்தண்ணீர், பிறகு வெந்நீர், கடைசியில் உணர்ச்சியுள்ள ஒருவரின் முழங்கையால் சோதனை.

'நாமே சமைப்பது' இங்கே பாதி பொய். பல எஸ்டேட் பங்களாக்களில் சமையல்காரர் கூடவே வருவார், அடுப்படியை விட மாட்டார். அவர் கூலி வாடகைக்கு வெளியே. அது குறை அல்ல, அடுப்படியில் நிற்க வேண்டியவருக்கு விடுமுறை கிடைக்கிறது. சர்க்கரை, சிறுநீரகப் பத்தியம் இருப்பவர்களுக்கு உப்பு, எண்ணெய், பருப்பு அளவை முதல் நாளே அவரிடம் உட்கார்ந்து சொல்லிவிட வேண்டும். மருந்து, பத்தியச் சாமான், காய்கறி எல்லாம் பொள்ளாச்சியிலேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

இனி சம்மதம். காரை விட்டு இறங்காமல் இத்தனை பார்க்கக் கிடைக்கும் இடம் கொங்கில் வேறு கிடையாது. ஆழியாறிலிருந்து ஏறும்போது ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற காட்சிமுனை. அணையும் சமவெளியும் கண்ணாடிக்கு வெளியே விரியும். அந்த வளைவுகளில் வரையாடு ரோட்டோரச் சுவர் மேலேயே நிற்கும். தமிழ்நாட்டின் மாநில விலங்கை ஜன்னலைத் திறந்து பார்க்கலாம், தீனி மட்டும் போடாதீர்கள். வால்பாறை நெருங்கும்போது புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் மரத்திலிருந்து ரோட்டைக் கடக்கும். நடக்க முடிகிறவர்களுக்குக் கிடைக்காத எதையும் நாற்காலியில் இருப்பவர் பெறவில்லை, அவர்களுக்குக் கிடைத்த எதையும் அவர் இழக்கவுமில்லை. இப்படிச் சமமாக அமைகிற பயணம் அபூர்வம்.

போவதானால் ஜூன் முதல் ஆகஸ்டு வரை வேண்டாம். தென்மேற்குப் பருவமழை கொட்டும், அட்டை ஏறும், கரண்ட் போனால் வர நேரமாகும். கால் உணர்ச்சியில்லாதவர் அட்டை கடித்ததை அறியவே மாட்டார். ஆக்சிஜன் கருவி, அடிக்கடி வலிப்பு, அண்மையில் இதய சிகிச்சை என்றால் எந்த மாதமும் வேண்டாம்.

## நான்கு: நகரோர வில்லா

கோவையைச் சுற்றிச் சரவணம்பட்டி, தொண்டாமுத்தூர், பேரூர் பக்கம் கேட் போட்ட குடியிருப்புகளில் வில்லாவோ லிஃப்ட் உள்ள ஃபிளாட்டோ நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. கிராமம் என்று சொல்ல முடியாது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஜன்னலில் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும், அவ்வளவுதான். ஆனால் குளியலறை நல்ல அளவு, லிஃப்டுக்கும் பொது விளக்குக்கும் ஜெனரேட்டர், ஸ்விக்கியும் மளிகையும் வாசலுக்கே, ஆஸ்பத்திரி பக்கம். டயாலிசிஸ் நாளை விட முடியாதவருக்கும், அறுவை சிகிச்சைக்குப் பின் மறுபரிசோதனையை ஒட்டி நாலு நாள் குடும்பத்தோடு இருக்க நினைப்பவருக்கும் வேறு யோசனையே வேண்டாம். பேரூர் பட்டீசுவரர், அவினாசி அவினாசிலிங்கேசுவரர் இரண்டும் மலையேறாத கோயில்கள். ஃபிளாட் எடுத்தால் சில குடியிருப்புச் சங்கங்கள் வெளியாட்களை வாடகைக்கு விடுவதை அனுமதிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். வாட்ச்மேன் கேட்டில் நிறுத்தி விசாரிக்கும்போது முதியவரை வண்டியில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | தோப்பு வீடு | ஓட்டு வீடு | மலை பங்களா | நகரோர வில்லா |
|---|---|---|---|---|
| வண்டி முதல் கட்டில் வரை | சமதளம், வாசலில் 2–3 அடி ஏற்றம் | நிலைப்படிகள் பல | வராந்தாப் படி, உள்ளே தாராளம் | சுலபம், லிஃப்ட் உண்டு |
| குளியலறை | அளந்துதான் பார்க்க வேண்டும் | பெரும்பாலும் ஆகாது | பெரியது | நல்லது |
| சமைப்பவருக்கு | தனிமை, கடை தூரம் | உதவிக்கு ஆள், கடை பக்கம் | சமையல்காரர் உண்டு | வரவழைத்தும் சாப்பிடலாம் |
| கரண்ட் | வோல்டேஜ் ஏற்ற இறக்கம் | ஊர் லைன், பரவாயில்லை | மழைக்காலத்தில் நம்ப முடியாது | ஜெனரேட்டர் |
| இரவு அவசரம் | பொள்ளாச்சி, பெருந்துறை | ஊரைப் பொறுத்தது | கீழே இறங்க வேண்டும் | மிக அருகில் |
| மறைசெலவு | டீசல், சிலிண்டர், தண்ணீர்க் கேன் | கூடுதல் வாடகை, ரேம்ப் | சமையல்காரர், டிரைவர் தங்கல் | நகரத்து வாடகை |
| பொருத்தம் | சக்கர நாற்காலிக் குடும்பம் | மெதுவாக நடக்கும் பெரியவர் | உடல் நிலை சீரானவர் | அடிக்கடி மருத்துவம் வேண்டியவர் |

சக்கர நாற்காலியில் ஒருவர், சிறுவர்கள் இரண்டு பேர், சமைக்க ஒருவர் என்ற சராசரிக் குடும்பத்துக்கு நான் தோப்பு வீட்டைத்தான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: மூன்று நேரமும் சமைக்கக் கூடாது. காலை இட்லியைப் பக்கத்து ஊர்க் கடையில் வாங்குங்கள், மதியம் மட்டும் ஆக்குங்கள், ராத்திரிக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூலியை வாடகையோடு சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான கணக்கு.

## ஐந்தாவதாக ஒன்று

கோவையிலும் திருப்பூரிலும் இருக்கிற பாதிக் குடும்பங்களுக்குச் சொந்தத்திலோ பங்காளி வீட்டிலோ ஒரு தோட்டத்துச் சாளை (தோட்டத்துச் சிறு வீடு) பூட்டிக் கிடக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை நோம்பிக்கு (ஊர்த் திருவிழாவுக்கு) திறப்பார்கள். நாலு நாள் வாடகையை இரண்டு லீவுக்குக் கொடுப்பதற்குப் பதிலாக அந்தப் பணத்தில் வாசலுக்கு ஒரு சரிவு, குளியலறைக் கதவை 3 அடியாக்குவது, சுவரில் உறுதியான எவர்சில்வர் கம்பி இரண்டு என்று செய்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் போகலாம். பங்காளிகளுக்குள் யார் செலவு என்ற பேச்சு வரும், அதுதான் இதில் மறைந்திருக்கும் செலவு. பெரியவர் பெயரைச் சொல்லி ஆரம்பித்தால் எதிர்ப்பு குறையும்.

## அட்வான்ஸ் போடும் முன்

வீட்டுக்காரரிடம் படம் கேட்காதீர்கள், வீடியோ கேளுங்கள். இன்ச் டேப்பைக் குளியலறைக் கதவின் குறுக்கே பிடித்து எண் தெரியும்படி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கார் நிற்கும் இடத்தில் ஆரம்பித்துக் கட்டில் வரை, வெட்டாமல் ஒரே ஓட்டமாக நடந்து எடுக்கட்டும். தயங்காமல் எடுத்து அனுப்புகிறவர் வீட்டில் மற்ற விஷயங்களும் ஒழுங்காக இருக்கும் என்பது என் அனுபவம். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. ஆனால் தோப்புக்குள் இருக்கிற இரண்டறை வீட்டுக்கு அந்தச் சட்டத்தைக் காட்டி வாசல் திறக்காது, டேப்பும் நல்ல பேச்சும்தான் திறக்கும்.

சக்கரம் வைத்த கமோடு நாற்காலி ஒன்றைக் கூடவே எடுத்துப் போங்கள். வழக்கமான நாற்காலியைவிட அகலம் குறைவு, இரண்டரை அடிக் கதவிலும் பல நேரம் நுழைந்துவிடும். எந்த வீட்டை எடுத்தாலும் பாதிப் பிரச்சினை அதில் தீரும். வாடகைக் கார் பேசும்போது டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் மடக்கிய நாற்காலிக்கு இடமிருக்காது. இன்னோவா மாதிரி இருக்கை உயரமுள்ள வண்டியில் இடமாற்றம் எளிது, தாழ்வான காரிலிருந்து தூக்கி எடுப்பவர் இடுப்பு போய்விடும்.

வாடகை, சிலிண்டர், டீசல், சமையல் உதவி, டிரைவர் படுக்கை, ரத்துசெய்தால் எவ்வளவு திரும்பும் என்ற ஆறையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பு முடியாதவரோடு போகும் பயணம் முந்தின நாள் ராத்திரி நின்றுபோகக் கூடியது. பொங்கல், மே மாத லீவில் பணம் திருப்பித் தரமாட்டோம் என்பவர்கள்கூட, தேதியை மாற்றித் தரச் சம்மதிப்பார்கள், முன்கூட்டியே பேசி வைத்திருந்தால்.